கிவிலம்பியின் ஆறாவது ஆள்

கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில் அந்த ஊராட்சி வட்டாரத்தின் வரைபடத்தை விரித்தால் ஏரிகள்தான் கண்ணில் படும். ஊர்கள் மூன்றே மூன்று. அதில் கடைக்கோடி கிவிலம்பி. பெயர்ப்பலகையில் மக்கள்தொகை நாற்பத்தொன்று என்றிருந்ததை, யாரோ ஒரு வேலையற்றவன் ஊர்க்காரன் ஓலவியின் நாயையும் சேர்த்து நாற்பத்தொன்றரை என்று திருத்தியிருந்தான். இரண்டு வருடமாகியும் யாரும் அழிக்கவில்லை.

ஹெல்வி ராவ்டியோ முப்பது வருடமாக அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வயது அறுபத்திரண்டு. பேருந்தில் இப்போது மூன்று பிள்ளைகள். ஆனாலும் முப்பது பேரை ஏற்றியிருக்கிற மாதிரிதான் அதட்டுவாள்.

அந்த இலையுதிர் காலத்தில் தீயணைப்புக் குழுவிலிருந்து ரெய்னோ முழங்கால் வலியென்று விலகி மகளோடு நகரத்துக்குப் போனார். மிச்சம் ஐந்து பேர். சோதனையில் தேறிய ஆட்கள் ஆறு பேர் இல்லையென்றால் தீயணைப்பு வண்டியை நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் வீட்டில் புகைபோக்கி மட்டும்தான் மிஞ்சும். வண்டி போனால் அடுத்து தபால் பெட்டி, அப்புறம் பேருந்து. ஹெல்வி தன் பெயரைக் கொடுத்தாள். அவளுடைய அண்ணன் ஓலவி சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த காப்பி மேசையில் தெறித்தது. ஹெல்வி தினமும் முதுகில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகை ஏணியில் ஏறி இறங்கினாள்.

சோதிக்க வந்த தெனி கார்னோ நகரத்துக்காரன். சனிக்கிழமை மதியம் வண்டியை விட்டு இறங்கியதும் ஏரிக்கரையில் ஒரு மரக்குடிசைக் கதவு வழியாகப் புகை கொட்டுவதைப் பார்த்துவிட்டு, தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தான். ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அது ஓலவியின் சவுனா, பின்லாந்துக்காரர்களின் நீராவிக் குளியல் குடிசை. சனிக்கிழமைக் குளியலுக்குக் கல்லைச் சூடேற்றுகிறான். புகைபோக்கி கிடையாது, கதவுதான் வழி. தெனியின் காது சிவந்துவிட்டது.

பத்து நிமிடத்துக்குள் பொம்மையை இழுத்து, ஏணியில் ஏறி இறங்கி, தண்ணீர்க் குழாய்களைப் பூட்டி முடிக்க வேண்டும். ஹெல்வி முகமூடியும் காற்று உருளையும் மாட்டிக்கொண்டு, எழுபது கிலோ பொம்மையை வேலி வரைக்கும் இழுத்துப்போட்டுவிட்டு ஏணியில் ஏறினாள். உச்சியில் நின்றவள் ஏரிப்பக்கம் பார்த்தாள். புகை இப்போது கதவு வழியாக வரவில்லை. கூரை விளிம்பிலிருந்து மஞ்சளாகக் கசிந்தது.

கீழே ஐந்து பேரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சனிக்கிழமைப் புகையை யார் பார்ப்பார்கள்?

ஹெல்வி முகமூடியைக் கழற்றினாள். "கூரை எரியுது. வண்டிய எடுங்க."

"இறங்கினா சோதனை போச்சும்மா," என்றான் தெனி.

"உள்ள எங்கண்ணன் இருக்கான்."

குளியலுக்கு முந்தைய குட்டித்தூக்கம் ஓலவியின் வழக்கம். உடை மாற்றும் அறைப் பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவனை ஹெல்வி அக்குளில் கை கொடுத்து, வேலி வரைக்கும் பொம்மையை இழுத்த அதே தோரணையில் வெளியே இழுத்துப்போட்டாள். பாதிக் கூரை போனது. மீதியை ஐந்து பேரும் தெனியும் சேர்ந்து காப்பாற்றினார்கள்.

தெனி தாளைப் பார்த்து, தலையைச் சொறிந்தான். பாதியில் விட்டது விட்டதுதான், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, வசந்தத்தில் மறுபடி வருகிறேன் என்றான். வசந்தம் வரைக்கும் வண்டி அங்கே நிற்காது என்பது இருவருக்குமே தெரியும்.

"நீங்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"அஞ்சுக்கு."

"இப்ப நாலே கால். மணி பாருங்க, தம்பி."

நனைந்த சட்டையோடு முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பொம்மையை இழுத்துப்போட்டுவிட்டு மறுபடி ஏணியில் ஏறினாள். குழாய்த் தண்ணீரில் நனைந்திருந்த ஓலவி போர்வைக்குள்ளிருந்தபடி படிகளை எண்ணினான், அதுவும் தப்பாக. கடைசிக் குழாயைப் பூட்டியபோது ஒன்பது நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. தெனி கையெழுத்துப் போட்டான்.

தீயணைப்பு வண்டிக் கொட்டகையில் ரெய்னோ விட்டுப்போன ஆறாவது கொக்கியில் ஹெல்வி தன் கோட்டை மாட்டினாள். அது தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வாரம் குளிக்காமலே போச்சே, புள்ள," என்றான் ஓலவி.

"நனைஞ்சுதானே இருக்க, அது போதும்," என்றாள். பிறகு போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.