நாலாவது பட்டன்

எங்கள் அறிவியல் காட்சிக்கூடத்தில் அவளுக்கு 'பட்டன் அக்கா' என்று பெயர். டிக்கெட் கிழிக்கிற நான் வைத்ததுதான். கீழ் அறையிலுள்ள பூமிப் பெட்டி அவள் பொறுப்பு. கண்ணாடிக்குள் ஒரு உருண்டை, மேலே சூடு காட்டும் முள், முன்னால் நாலு பட்டன். சூரியனை அமுக்கினால் முள் லேசாக அசையும். எரிமலையை அமுக்கினால், அது கக்கும் தூசி வெயிலை மறைப்பதால், முள் கொஞ்சம் இறங்கித் திரும்பும். மூன்றாவது, பூமியின் சாய்வும் பாதையும் ஆயிரமாயிரம் வருஷத்தில் மாறுவது. முள் நகர்வதற்குள் பார்ப்பவர் கொட்டாவி விட்டுவிடுவார். நாலாவது, நாம் விடும் புகை. முள் விறுவிறுவென்று சிவப்புக்கு ஏறும், கையை எடுத்தாலும் லேசில் இறங்காது. நிஜத்திலும் அப்படித்தான் என்பதால் அப்படியே செய்து வைத்திருந்தார்கள்.

அக்காவுக்குக் கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலையில் சூளை பார்க்கிறவர்.

அந்த ஆலையின் முதலாளிதான் எங்களுக்குப் புதுக் கட்டடம் கட்டித்தர வந்தார். அன்று காலை மேனேஜர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால், என் ஜன்னலுக்கு நேர் எதிரே.

"நாலாவது பட்டன் முன்னாடி நின்னுக்கம்மா. நீ நின்னா அது தெரியாது."

"ஏன் சார், ஒரு துணி போட்டு மூடக்கூடாதா?"

"துணி போட்டா என்னன்னு கேப்பாரு. அடுத்த மாசம் உன் வேலையை நிரந்தரம் பண்றோம், ஞாபகம் இருக்கட்டும்."

அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் பேசாமல் நிற்கச் சொன்னார் போலிருக்கிறது. "சோறு போட்டா வாயைத் தைச்சுக்கணுமா? நம்ம வீட்டுல ராத்திரியெல்லாம் இருமுறது யாரு, எரிமலையா?" என்று கத்திவிட்டு வைத்தாள்.

முதலாளி வந்தார். நானும் பின்னாலேயே கீழ் அறைக்குப் போனேன். மூன்று பட்டனையும் அமுக்கிப் பார்த்தார்.

"பாத்தீங்களா? எல்லாம் இயற்கை பண்றது. நம்மள ஏன்யா திட்டுறானுங்க?"

மேனேஜர் தலையாட்டினார். அக்கா சோம்பல் முறிக்கிற மாதிரி அப்படியே பின்னால் சாய்ந்தாள். முள் பாய்ந்து ஏறியது.

"இது என்னம்மா?"

"நாலாவதுங்கய்யா. நம்ம புகை. என் முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வெக்கச் சொன்னாங்க."

"கையை எடு, கையை எடு!" என்று மேனேஜர் பதறினார்.

அக்கா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "கை எங்க சார் வெச்சேன்?"

"இடுப்பை எடும்மா!"

"எடுத்துட்டேன் சார். அதுதான் இறங்க மாட்டேங்குது."

முதலாளி பேசி முடிக்கிறவரை முள் அவர் தலைக்கு மேலே சிவப்பிலேயே நின்றது. போட்டோவிலும் விழுந்துவிட்டது.

நிரந்தரம் போயிற்று. அக்காவை வாசலில் சைக்கிள் பார்க்கப் போட்டுவிட்டார்கள். மேனேஜரிடம் ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாமே என்றேன். "எதுக்கு, சாஞ்சதுக்கா?" என்று என்னைத்தான் முறைத்தாள்.

இப்போது சைக்கிள் விடுகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்புகிறாள்: "உள்ள போனதும் நாலாவதை முதல்ல அமுக்குங்க."

அமுக்குகிறார்கள். காட்சிக்கூடம் திறந்திருக்கிற நேரத்தில் முள் சிவப்பை விட்டு இறங்குவதே இல்லை.