நடுவட்டம் மைதானத்துக்கு யானை வந்த மாலை

முழங்கால் போனதும் என் வாழ்க்கையே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவன் நான். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஓட முடியவில்லை. நீலகிரிக்கு ஊர் திரும்பி, நடுவட்டம் பக்கம் தேயிலை எஸ்டேட் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். மனம் ஒட்டவில்லை. விநாயகரிடம் தினமும் ஒன்றையே கேட்டேன்: "என் காலைத் திருப்பிக் கொடு." பதில் இல்லை. அந்த மாதத்தோடு விலகிக்கொள்வதாகக் கிளப்பில் சொல்லியும் விட்டேன்.

போன ஆடி மாதத்தில் ஒரு மாலை. பயிற்சி முடியும் நேரம். பனிமூட்டம் இறங்கி எதிர்ப்பக்கக் கோல் கம்பம் மங்கலாகத் தெரிந்தது. அங்கே கோல்கீப்பர் கௌசல்யா தனியாக நின்றாள். டீ ஃபேக்டரியில் வேலை பார்ப்பவள், வீட்டில் கைக்குழந்தை. அவளுக்குப் பின்னால் தேயிலைச் சரிவிலிருந்து ஒரு கொம்பன் யானை இறங்கி வந்தது.

மற்ற பெண்கள் என் பக்கம் இருந்தார்கள். கத்தினால் யானை மிரளும். ஓடிப் போய் அவளை இழுத்து வர என்னால் முடியாது. கையைத் தாழ்த்திக் காட்டினேன். 'இடத்தை விட்டு நகராதே' என்பதற்கு ஆட்டத்தில் நாங்கள் வைத்திருந்த சைகை அது. அவள் என்னையே பார்த்தபடி நின்றாள்.

கும்பிடக்கூடக் கையை எடுக்க முடியாது. மனசுக்குள் கெஞ்சினேன். "பிள்ளையாரப்பா, எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்தப் பொண்ணை ஊட்டுக்கு அனுப்பிடு."

யானை அவள் அருகில் வந்து நின்றது. தும்பிக்கை அவள் தலைக்கு மேல் உயர்ந்து, கோல் கம்பத்தைத் தடவியது. பிறகு அது சத்தமே இல்லாமல் திரும்பிப் பனிக்குள் போய்விட்டது. அவ்வளவு பெரிய உருவம், காலடி ஓசைகூடக் கேட்கவில்லை.

கௌசல்யா மெல்ல நடந்து வந்தாள். "சார், அதோட மூச்சு என் கழுத்துல பட்டுச்சுங்க. சூடா இருந்துச்சுங்க. நீங்க கையை எடுக்கலீங்க, அதனால நானும் நகரலீங்க" என்றாள்.

என் கையை நம்பி ஓர் உயிர் நின்றிருக்கிறது. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நான் விலகவில்லை. இப்போது கிளப் நிர்வாகத்தையும் நானே பார்க்கிறேன். வெளியூர் ஆட்டத்துக்கு வண்டி, பூட்ஸ், மைதானத்துக்கு வேலி, பயிற்சிக்கு முன் வனத்துறைக்கு ஒரு போன். வேலைக்குக் குறைவில்லை. கௌசல்யாதான் கேப்டன்.

யானை தானாக வந்தது, தானாகப் போனது என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். அன்பர்களே, கேட்டது கிடைக்கவில்லை என்று கும்பிடுவதை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் நிற்பவருக்காக ஒருமுறை வேண்டிப் பாருங்கள். பிள்ளையார் வருவார். வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.