ரோல்ஸுக்காகத் தலையாட்டியவர்கள்

நீரிழிவு வந்ததும், நான் வாரக்கடைசிகளில் சிறு விமானம் ஓட்டிய காலம் முடிந்தது. ஐம்பத்திரண்டு வயதில் விமானங்களுக்குப் பக்கத்தில் நிற்க மிஞ்சிய ஒரே வழி, பறக்கப் பழகுபவர்களுக்கு வகுப்பறையில் பாடம் எடுக்கும் தரைப் பயிற்றுநர் ஆவதுதான். எழுத்துப் பரீட்சை பாஸ். தலைமைப் பயிற்றுநர் முன் ஒரு மாதிரிப் பாடம் எடுத்துக்காட்டுவது மட்டும் பாக்கி.

கனடாவின் அஜக்ஸ் நகரில், எங்கள் வீட்டில் ஒத்திகை. மாணவர்கள் இருவர்: மனைவியும் அவளுடைய தம்பியும்.

"அத்தான், திரும்பவும் பிளேன் ஓடப்போறியளோ?"

"இல்லை, தரையில நிண்டு படிப்பிக்கப்போறன்."

"தரையில நிக்கிறதுக்கும் ஒரு பரீட்சையோ?"

மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் இறக்கை விமானத்தைத் தாங்காமல் கைவிட்டுவிடும்; உடனே மூக்கைத் தாழ்த்த வேண்டும். இவ்வளவுதான் பாடம். நானோ ஊரில் டியூஷன் கொட்டிலில் படித்தவன். பலகையைப் பார்த்துப் பேசி, நோட்ஸ் சொல்லி, இடையிடையே "விளங்கிச்சோ?" என்று கேட்பதுதான் கற்பித்தல் என்று நம்புகிறவன். இருவரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்கள். பிறகு சுடச்சுடப் பொரித்து வைத்திருந்த இறைச்சி ரோல்ஸ் சாப்பிட்டார்கள். நான் பிறவி ஆசிரியன் என்று முடிவுகட்டினேன்.

தலைமைப் பயிற்றுநருக்கு என் மகள் வயது. வரவேற்பு மேசைப் பெண்மணியை மாணவியாக உட்கார்த்தியிருந்தார். நான் ஆங்கிலத்தில் நான்கு தடவை விளங்கியதா என்று கேட்டேன். நான்கு தடவையும் அந்தப் பெண்மணி தலையாட்டினார். முடிவில் தலைமைப் பயிற்றுநர் அவரிடம் கேட்டார்: "இறக்கை கைவிட்டுவிட்டது. என்ன செய்வீர்கள்?"

"மூக்கை மேலே இழுப்பேன்."

"இவரை இப்போதுதான் கொன்றிருக்கிறீர்கள்" என்றார் என்னிடம், மிக மரியாதையாக. "செவ்வாய்க்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதுதான் கடைசி."

வீட்டுக்கு வந்து அதே கேள்வியை என் பழைய மாணவர்களிடம் கேட்டேன்.

"மேல இழுக்கிறதுதானே, அத்தான்?"

"அண்டைக்கு ஓம் எண்டு தலையாட்டினியளே!"

மனைவி சொன்னாள்: "விளங்கேல்லை எண்டா நீங்கள் முதலிலயிருந்து தொடங்குவியள். ரோல்ஸ் ஆறிப்போம்."

மறுநாள் காரில் போகும்போது, ஆளில்லாத தெருவொன்றில் அவளிடம் சொன்னேன்: "கையை வெளியில நீட்டும். பெருவிரல் பக்கத்தை மெல்ல நிமித்தும்."

"தூக்குது... இன்னும் தூக்குது... ஐயோ, இப்ப தூக்கேல்லை, பின்னுக்குத் தள்ளுது!" நான் சொல்லாமலே பெருவிரல் பக்கத்தைத் தாழ்த்தினாள். "இதை அண்டைக்கே காட்டியிருக்கலாமே. ஒரு மணித்தியாலம் பலகையோடயெல்லோ கதைச்சனீங்கள்."

செவ்வாய்க்கிழமை ஒரு மேசை விசிறியும் ஒரு காகித மட்டைத் துண்டும் கொண்டுபோனேன். மட்டையைப் பெண்மணியின் கையில் கொடுத்து, விசிறியின் முன் சாய்க்கச் சொன்னேன். "கைவிட்டுவிட்டது. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த அரை நிமிடம் எழுத்துப் பரீட்சையைவிடக் கடினமாக இருந்தது. அவர் மட்டையின் முன்விளிம்பைத் தாழ்த்தினார். தலைமைப் பயிற்றுநர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அன்று வீட்டில் மறுபடியும் ரோல்ஸ்.

"அப்ப இனிப் பிளேன் ஓடலாம், என்ன அத்தான்?"

தரைப் பயிற்றுநர் என்றால் யார் என்று ஆதியிலிருந்து விளக்கினேன். இருவரும் "ஓம், ஓம்" என்றார்கள்.

"சரி, நான் இப்ப என்ன சொன்னனான்?"

மனைவி ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினாள்.