மேடை ஏறிய மலைக் கரும்பு

சர்க்கரை ஆலை லேப்பில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவனுக்கு மனசில் தோன்றும் யோசனையைச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. ஓடுகிற மிஷினிடம்தான் சொல்ல வேண்டும். என்னைப் போல் பகலில் கண்ணை மூடிக்கொண்டு புரளும் கூட்டாளிகளே, உங்களுக்குத் தெரியாததா!

கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆலையில் கரும்புச் சாறு சோதிக்கிறவன் நான். பட்டம் கிடையாது. பழைய புத்தகங்களைப் புரட்டி நானே கற்றுக்கொண்டது. கரும்பு ஆராய்ச்சிச் சங்கம் ஒன்று என்னை இணை உறுப்பினராகச் சேர்த்து, வழிகாட்டித் திட்டத்தில் ஒரு விஞ்ஞானியிடம் ஒப்படைத்தது. ஒரு வருஷம் அவர் மேற்பார்வையில் ஆய்வு செய்து ஆண்டுக் கூட்டத்தில் பேச வேண்டும். தேறினால் முழு உறுப்பினர். என் போன்றவனுக்கு வேறு வாசல் இல்லை.

ஆசையும் லட்சியமும்

நரைத்த தலையை எதிர்பார்த்து போனில் வீடியோவைத் திறந்தால், என்னைவிடச் சின்னவர். கோயம்புத்தூர்க்கார மேடம். முதல் கேள்வியே, "அஞ்சு வருஷத்துல எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க?"

"பகல் ஷிஃப்ட்டுல மேடம்."

சிரித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. "சார், அது ஆசைங்க. லட்சியத்தைச் சொல்லுங்க."

மீன்காரம்மா

மேடம் பேசும் நேரமும் தெருவில் மீன் வரும் நேரமும் ஒன்று. என் மனைவி வாசலுக்கு ஓடி, "கத்தாதம்மா, உள்ள அவுரு பரீட்சைக்குப் படிச்சிக்கினு இருக்காரு" என்றாள்.

மீன்காரம்மா ஜன்னல் வழியாக என்னை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வயசுல இன்னா பரீட்சை? பெயிலானா கல்யாணமா நின்னுடப் போவுது?"

இரண்டு குவியல்

நான் கல்வராயன் மலையடிவாரத்துக்காரன். வெட்டிப் போட்டாலும் எங்கள் பக்கத்துக் கரும்பில் சர்க்கரைச் சத்து சீக்கிரம் குறையாது, உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் கரும்பில்தான் குறையும் என்பது என் பல வருஷத்து முடிவு. லேப்பில் சோதித்ததும் அப்படித்தான் வந்தது.

மேடம் கேட்டார்: "ரெண்டும் ஒரே நாள்ல வெட்டினதுங்களா?"

வரவு நோட்டைப் புரட்டினேன். மலையடிவாரத்து டிராக்டர்கள் வெட்டிய அன்றே வந்துவிடும். மற்றது வெட்டி நாள் கணக்கில் காய்ந்து வரும். புதுசையும் பழசையும் அல்லவா ஒப்பிட்டிருக்கிறேன்!

கரும்பு வண்டிகள் நிற்கும் யார்டில் வேலை பார்க்கும் உளுந்தூர்பேட்டைக்கார ஏழுமலையைக் கெஞ்சி, ஒரே நாளில் வெட்டிய இரண்டு கரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் குவித்துப் போட வைத்தேன். நாள் ஆக ஆக இரண்டிலும் சர்க்கரை ஒன்றுபோல் இறங்கியது. திரும்பச் செய்தேன். திரும்பவும் அதே.

ஏழுமலை ஒரு துண்டை ஒடித்து மென்று துப்பினான். "இன்னாண்ணே, உன் மலைக் கரும்பும் எங்குளுது மாதிரியே சப்புனு பூட்ச்சே!"

பத்து நிமிஷம்

என் முடிவே தப்பாகிவிட்டது, கூட்டத்தில் பத்து நிமிஷம் பேச நான் வரமாட்டேன் என்று மேடத்திடம் சொன்னேன். "அப்புறம் எதுக்குங்க சார் ஒரு வருஷம் உங்க தூக்கத்தைக் கெடுத்தேன்?" என்று போனை வைத்துவிட்டார். போனேன்.

மேடையில், நான் நினைத்தது தப்பு, எந்த ஊர்க் கரும்பு என்பதில் ஒன்றுமில்லை, எத்தனை நாள் காத்துக்கிடந்தது என்பதில்தான் இருக்கிறது என்று வரைபடத்தைக் காட்டிச் சொன்னேன். எங்கே தவறினேன் என்பதையும் மறைக்கவில்லை. முழு உறுப்பினர் கனவு அவ்வளவுதான் என்று இறங்கப் பார்த்தேன். முன்வரிசையில் மேடம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

தலைவர் மைக்கை இழுத்தார்: "தன் முடிவு தப்புன்னு தானே சோதிச்சுச் சொல்ற ஆளு நம்ம சங்கத்துல கம்மி. இவரை இணை உறுப்பினராவே வெச்சிருந்தா நமக்குத்தான் நஷ்டம், முழு உறுப்பினரா சேத்துக்குங்க."

மலைக் கரும்பைத் தோற்கடித்து மலைக்காரன் ஜெயித்த இந்தப் பெருமையை ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, அடிவாரத்தில் கரும்பு போட்டிருக்கும் என் மச்சான்களைத் தவிர.