கீரனூர் தாண்டினால் எரியும் விளக்கு

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாமல் போய் இரண்டு வருசமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் திருச்சிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், நடுவில் நாலு மணி நேரம் மெஷின். பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பார்த்தேன். திரும்பும்போது அவளால் தலையை நிறுத்தி உட்கார முடியவில்லை.

துபாயில் இருக்கும் மகன் ஒரு பழைய ஹைபிரிட் கார் வாங்கிக் கொடுத்தான். பெட்ரோலிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். "பெட்ரோல் கம்மியாத்தான் குடிக்கும்ப்பா" என்றான். வாஸ்தவம்தான். நான் நாற்பது வருசம் லாரி ஓட்டியவன். கல் லோடு, உப்பு லோடு, ஒருமுறை முழுக்கக் கோழித்தீவனம். அந்த நாற்றம் ஒரு மாசம் சட்டையை விட்டுப் போகவில்லை. அது இருக்கட்டும். லாரியில் எந்தக் கோளாறும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். இந்தக் கார் ஸ்டார்ட் ஆனதே தெரியாது.

மூன்றாம் மாசம் தொல்லை ஆரம்பித்தது. திருச்சியிலிருந்து திரும்பும்போது கீரனூர் தாண்டினால் ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பாக ஒரு முக்கோணம் எரியும். பக்கத்தில் இங்கிலீஷில் என்னவோ வரும். எனக்கு அந்த எழுத்து ஓடாது. வண்டி இழுக்காது. ஓரங்கட்டி, ஆஃப் செய்து, புளியமரத்தடியில் அரை மணி நேரம் கிடப்போம். பிறகு ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். போகும்போது ஒருநாளும் எரிந்ததில்லை.

புதுக்கோட்டையில் காட்டினேன். ஒருவர் முன்பக்கத்துச் சின்ன பாட்டரியை மாற்றினார். எலி கடித்த ஒயருக்கு டேப் சுற்றினார். இன்னொருவர், பெரிய பாட்டரியே போச்சு, வேறு வரவேண்டும் என்று வண்டியை ஆறு நாள் நிறுத்திக்கொண்டார். அந்த வாரம் சொல்லிவைத்திருந்த வாடகைக் கார் ஒருநாள் வரவேயில்லை. அன்றைக்கு மெஷினில் போட முடியாமல் போனது. மறுநாள் அவளுக்குக் கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கி, சுவரில் சாய்ந்தே கிடந்தாள்.

புதுப் பாட்டரிக்குக் காத்திராமல் வண்டியை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்தமுறை அவள் மெஷினில் இருக்கும் நேரத்தில், திருச்சியில் ஹைபிரிட் மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவேயில்லை. பின்கதவைத் திறந்து சீட்டைத்தான் பார்த்தார்.

"பின்னாடி யாருங்கய்யா வர்றது?"

"என் சம்சாரம். திரும்புறப்ப படுத்துக்கிட்டு வரும்."

"தலகாணி வச்சா?"

"ஆமா. ஊசி குத்துன கை ஆடக்கூடாதுல்ல. இந்த ஓரமா முட்டுக் குடுத்துக்கும்."

அந்த ஓரத்தில் கையகலத்துக்கு ஒரு சல்லடை இருந்தது. நான் அதை ஸ்பீக்கர் என்றே நினைத்திருந்தேன். அந்த வழியாகத்தான் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் பெரிய பாட்டரிக்குக் காற்றுப் போகிறதாம். உள்ளே இருந்த ஃபேனைக் கழற்றிக் காட்டினார். ஃபேனே தெரியாத அளவுக்கு இலவம்பஞ்சு. எங்கள் வீட்டுத் தலையணைப் பஞ்சு.

"காத்து இல்லாமச் சூடாயிருக்குங்கய்யா. ரெண்டு மூணு செல்லு வீக்குதான், ஆனா இன்னும் கொஞ்ச நாளு ஓடும். இந்த ஓட்டைய மட்டும் மூடிறாதீங்க."

அவளைக் காரில் ஏற்றும்போது விவரம் சொன்னேன்.

"நாப்பது வருசம் லாரி ஓட்டுனேன்னு ஊரெல்லாம் பேச்சு. ஒரு தலகாணியக் கண்டுபிடிக்கத் துப்பில்ல."

"லாரில யாரு தலகாணியோட வந்தா?"

"எனக்கென்ன தெரியும், நானா கூட வந்தேன்?"

சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும், வந்தது.

தலையை அங்கிட்டு மாற்றிப் படுத்தாள். கை சீட்டுக்கு வெளியே தொங்கியது. என் துண்டை அவள் கழுத்தில் கட்டி, அதில் கையை ஏந்தினாற்போல வைத்துவிட்டேன். வழியெல்லாம் பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தாழ்த்தி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"என்னங்க, ரோட்டப் பாருங்க."

கீரனூர் வந்தது, போனது. விளக்கு எரியவில்லை. புதுக்கோட்டையும் தாண்டினோம். எனக்குச் சந்தோசம் என்று ஒன்றும் வரவில்லை, அசதிதான் வந்தது. நாளை மறுநாள் காலை அஞ்சரைக்கு மறுபடி கிளம்பணும், ஞாபகம் வச்சுக்க என்று பின்னால் பார்த்துச் சொன்னேன். அவள் தூங்கியிருந்தாள்.