மதினி வைத்த மூன்று பொட்டு

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு இரும்புத் துண்டைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வாங்குவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் ஆறாது.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இரும்பு கடையும் பழைய லேத் ஒன்று வைத்திருந்தேன். அதில் உளி ஓடும் படுகை நடுவில் தேய்ந்துபோய், எதைக் கடைந்தாலும் ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்து வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பட்டறைக்காரர் ஒருவர் சொன்னார்:

"தீபாவளிக்குள்ள ஒரு சாஃப்ட் தண்டு நேராக் கடைஞ்சு காட்டும். மில் வேலை பூராவும் உம்மகிட்டயே விடுதேன்."

படுகையைச் சுரண்டிச் சமமாக்க ஸ்ட்ரெயிட் எட்ஜ் வேண்டும். கொத்தனாரின் மட்டப்பலகை மாதிரிதான், ஆனால் இரும்பு. வாங்க வழியில்லை, நானே செய்தேன். பழைய அரத்தைத் தீட்டிச் சுரண்டியாக்கி, அதன் ஒரு முகத்தை நான்கு மாதம் சுரண்டினேன். ஞாயிறுதோறும் துண்டில் சுற்றி, பஸ்ஸில் அவர் பட்டறைக்குத் தூக்கிப்போவேன். அங்கிருந்த சமப்பலகையில் நீல மை தடவித் தேய்த்தால், மேடான இடத்தில் மை ஒட்டும். அதைச் சுரண்ட வேண்டும். கண்டக்டர் கேட்பார்:

"அண்ணாச்சி, பிள்ளைக்கு அரை டிக்கெட்டா?"

ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு, மை முகம் முழுக்க ஒரே சீராக ஒட்டியது. துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வைத்தேன்.

பூஜையன்று பொரி வாங்கிவிட்டுத் திரும்பினால், ஸ்ட்ரெயிட் எட்ஜ் சாமி முன்னால் இலையில் ஈரம் காயாமல் இருந்தது. சுரண்டிய முகத்தில் சந்தனம், குங்குமம் என்று மூன்று பொட்டு. அண்ணன் மனைவி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்தவர், பெருமையாகச் சொன்னார்:

"இம்புட்டுப் பிசுக்கோடயா சாமிகிட்ட வைப்பீக தம்பி? சீயக்காய் போட்டுத் தேய்ச்சுட்டேன். இப்பத்தான் பொட்டு ஒட்டுது."

"மதினி, அந்தப் பக்கம்..."

"பளபளன்னு இருக்கதுதான முகம்? முதுகுலயா பொட்டு வைப்பாக?"

"செத்த நேரம் எடுத்துத் துடைச்சுட்டு..."

"சாமிகிட்ட வச்சதத் தொடுவாகளா? நாளைக்கு மறுபூஜை முடியட்டும்."

"சரி மதினி" என்றேன். மதினியைக்கூட மன்னித்துவிட்டேன். அந்தச் 'சரி'யைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. நான்கு மாத வேலை கண்ணெதிரே ஈரத்தில் கிடக்க, கை கட்டி நின்று கற்பூரம் ஒற்றிக்கொண்டேன். பொரி வேறு தின்றேன்.

மறுநாள் எடுத்துத் துடைத்தபோது முகம் முழுக்கத் துரு. பொட்டு இருந்த மூன்று இடத்திலும் குழி. பத்தரை மணி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், தீபாவளிக்குள் முடியாது என்று பட்டறைக்காரரிடம் சொன்னேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.