பத்தியச் சமையலுக்கு ஒரு லட்சம் பேர்

பாரிவாக்கத்துச் சைனம்புவுக்குக் கேமரா முன் நிற்பதில் ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. கணவர் ஹாஜா மொய்தீனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி டயாலிசிஸ் என்று ஆனபோது, உப்பைக் குறைக்கவும் காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடிக்கவும் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அப்படிச் சமைத்ததை ஒரு வாய் வைத்துவிட்டு அவர் தட்டைத் தள்ளிவிட்டார். மிளகு, புதினா, எலுமிச்சை என்று எதையெதையோ சேர்த்து மல்லுக்கட்டி, ஒருவழியாக அவரைச் சாப்பிடவைத்தாள் சைனம்பு.

அதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டது அவர்தான். லோடு ஆட்டோ ஓட்டியவர், வீட்டோடு முடங்கிக் கிடந்தார். ஊசி ஏற்றும் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் போனைப் பிடிப்பார். டயாலிசிஸ் படுக்கையில் படுத்தபடியே எடிட்டிங் செய்வார். 'சைனம்பு பத்தியச் சமையல்' என்று பெயர் வைத்ததும் அவரே.

முதலில் பத்து இருபது பேர் பார்த்தார்கள். பிறகு எங்கெங்கிருந்தோ வந்தார்கள். அவர்களில் திருமுல்லைவாயில் வீரராகவனும் ஒருவர். டயாலிசிஸ் செய்துகொள்பவர். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரே மாதிரி எழுதுவார்: 'இன்று செய்தோம். சாப்பிட முடிந்தது.' நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வரி வந்தால்தான் சைனம்புவுக்குச் சமைத்த திருப்தி.

ஒரு வெள்ளிக்கிழமை பகலில் சப்ஸ்கிரைபர் கணக்கு ஒரு லட்சத்தைத் தொட்டது. ஹாஜா மொய்தீன் குழந்தை மாதிரி கத்தினார்.

"சைனம்பு! லட்சம் ஆயிடுச்சு பாரு! கேக் வாங்கியாந்து வெட்றோம், அத்தயும் வீடியோ எடுக்கிறோம்."

அவள் வடித்த உருளைக்கிழங்கோடு அப்படியே நின்றாள்.

"இன்னாங்க கொண்டாடறது? லட்சம் பேரு பாக்குறாங்கன்னா அத்தினி ஊட்ல இந்த நோவு கீதுன்னுதானே அர்த்தம்?"

அவர் முகம் சுருங்கியது.

"நான் உசுரோட கீறேன்ல," என்றார் மெதுவாக. "அதுக்காவது கொண்டாடக் கூடாதா?"

அவள் உருளைக்கிழங்கைக் கீழே வைத்தாள். வந்து குவிந்த வாழ்த்துகளைப் படித்துக்கொண்டிருந்தவரின் விரல் சட்டென்று நின்றது. போனை அவளிடம் நீட்டினார். வீரராகவனின் கணக்கிலிருந்துதான் வந்திருந்தது. எழுதியது அவர் மனைவி கோமளா. 'அவர் போன வாரம் காலமாகிவிட்டார். கடைசியாகச் சாப்பிட்டது நீங்கள் சொன்ன சுரைக்காய்க் கூட்டு. வாழ்த்துகள் அம்மா.' அடியில் போன் நம்பர்.

சைனம்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று யாரும் கேக் பேச்சை எடுக்கவில்லை.

போன் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இருவரும் புறப்பட்டார்கள். ஆவடி வரை பஸ், அங்கிருந்து ரயில். கோமளா தனியாக இருந்தாள். வீரராகவன் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அவள் அழவில்லை, வந்தவர்களுக்கு உப்புமா கொண்டுவந்து வைத்தாள். சைனம்பு ஒரு வாய் எடுத்ததுமே நிமிர்ந்து பார்த்தாள். உப்பே இல்லை.

"தப்பா நெனைக்காதீங்க," என்றாள் கோமளா. "அவரு சாப்பிடறதத்தான் இத்தனை வருஷம் நானும் சாப்பிட்டேன். எனக்கு எந்த நோவும் இல்ல. இப்ப உப்பு டப்பாவத் தொறந்தா கை வரமாட்டேங்குது. போட்டா அவரு இல்லேன்னு ஆயிடுமோன்னு..."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சைனம்பு எழுந்துபோய் அவள் தோளை அணைத்துக்கொண்டாள். அழுது ஓய்ந்தபின் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய், ரெண்டு தக்காளியை நறுக்கி ரசம் வைத்தாள். உப்பைத் தன் கையாலேயே போட்டாள்.

"நீங்க சாப்பிடணும்க்கா. அவரு பத்தியம் அவரோட முடிஞ்சிடுச்சு."

கோமளா ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டாள். பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த ஹாஜா மொய்தீன் போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

திரும்பும்போது ரயிலில், "லட்சத்துக்கு வீடியோ போட்டுத்தான் ஆவணும்," என்று சைனம்புவே சொன்னாள். வீரராகவனைப் பற்றி அதில் சொல்லலாமா என்று கோமளாவிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள்.

மறுநாள் அடுப்பைப் பற்றவைக்காமல் கேமரா முன் நின்றாள்.

"லட்சம் பேரு ஆயிட்டோம். வாழ்த்து வேணாம். திருமுல்லைவாயில் வீரராகவன் ஐயா மவுத்தாயிட்டாரு. அவரு 'சாப்பிட முடிஞ்சது'ன்னு எழுதுனாதான் எனக்குச் சமைச்ச திருப்தி. நீங்க யாருக்காக இப்படி சமைக்கிறீங்களோ அவங்க பேரக் கீழ எழுதுங்க. இருக்கறவங்க பேரும் எழுதுங்க, போனவங்க பேரும் எழுதுங்க. நான் அல்லாகிட்ட துஆ செய்றேன்."

அவ்வளவுதான் வீடியோ. பெயர்கள் வரத் தொடங்கின. அப்பா குணசேகரன். என் தங்கச்சி அகல்யா. ஜஸ்டின் சார், போன வருஷம் போய்விட்டார். ஹாஜா மொய்தீன் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். அவள் கேட்டுக்கொண்டே காய் நறுக்கினாள். நடுவில் அவர் நிறுத்தினார்.

"எம்பேரு எங்க?"

சைனம்பு கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். தமிழில் டைப் செய்து பழக்கமில்லை அவளுக்கு. 'ஹா'வில் தொடங்கி ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். அவர் உதவிக்கு வரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.